அனுமதி பெறாத முதுகுகள்

ஊசிக்கல்மேட்டில் முதலில் எரிந்தது அத்தாயியின் முதுகு. மகள் கீர்த்தனாவுக்குக் கருமாதி முடிந்த அன்று, பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில், ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கி, நாலுவழிச் சாலையில் மகள் விழுந்த இடத்துக்கு அவள் நடந்து போனாள். போய்ப் பார்த்தால் அதே இடத்தில் இன்னொரு லாரி, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல், இருட்டோடு இருட்டாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தான். அத்தாயி லாரியைப் பார்த்துக் கத்தினாள். அது லாரி, அதற்குக் காது கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினாள். அந்த நேரத்தில் சேலம் பக்கமிருந்து வந்த பேருந்து ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "நல்ல வேளைங்க, செவப்பு வெளக்கு எரிஞ்சுது, இல்லாட்டி நேரா உள்ள பூந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன்னைக் காப்பாற்றிய விளக்கைப் பார்க்க லாரியின் பின்பக்கம் போனார். லாரியில் எதுவும் எரியவில்லை. லாரியைப் பார்த்து நின்றிருந்த பெண்ணின் முதுகில், கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை, ரவிக்கையையும் முந்தானையையும் தாண்டிக்கொண்டு, செக்கச்செவேலென்று வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

கீர்த்தனா எப்படிச் செத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதை வேறு மாதிரிச் சொல்லக் கூடாது. நர்சிங் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், ராத்திரி மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், ஓரங்கட்டி நின்ற டிப்பர் லாரியின் பின்னால் போய் மோதினாள். அந்த லாரியில் விளக்கு இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. விளக்கு இருந்தது. 'விண்மணி' என்று கம்பெனிப் பெயர் போட்ட புத்தம் புதிய பின்விளக்கு, அதன் ஓரத்தில் சோதனை நிலையம் கொடுத்த அனுமதி எண், எண்ணுக்குப் பக்கத்தில் முத்திரை, எல்லாம் இருந்தன. எரியத்தான் இல்லை. காலையில் பெய்த ஒரு பாட்டம் மழை உள்ளே புகுந்து, மீன் தொட்டி மாதிரி அரைவாசிக்குத் தண்ணீர் நின்றது. மகளைத் தூக்கக் குனிந்த சென்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, "வெளக்குக்குள்ள தண்ணி தளும்புதுங்க, பாருங்க சாமி" என்று இன்ஸ்பெக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் முத்திரையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. அனுமதி பெற்ற விளக்கு, ஆகவே எரிந்திருக்கும், ஆகவே பெண் கவனக்குறைவாக வந்து மோதினாள் என்று எழுதிவிட்டுப் போனார்.

அத்தாயியின் முதுகு ஏன் எரிந்தது என்று எங்களைக் கேட்காதீர்கள். எங்களுக்கு அதை ஆராய நேரம் இருக்கவில்லை. எரிகிற முதுகோடு ஒரு குடும்பம் சோறு சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், உறங்க வேண்டும், அதற்கு வழி பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. சென்னியப்பன் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார், அவர் வெள்ளைக் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார், களிம்பு பூசியதில் வெளிச்சம் கொஞ்சம் ரோஸ் நிறமானதுதான் மிச்சம். மின்வாரிய லைன்மேன் தன் டெஸ்டரை அவள் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லீங்க, பயப்படாமத் தொடலாம்" என்று ஊர் முன்னால் சொன்னார். பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயச் சாயக் கரி கனிவதுபோல் மெல்லச் சிவக்கும். அவள் குப்புறப் படுத்தால் ஓட்டின் சந்து வழியாக வெளிச்சம் தெருவில் விழுந்து கோழிகள் விடிந்ததென்று கூவின. அதனால் மல்லாந்து படுக்கப் பழகினாள்.

அடுத்து எரிந்தது பால்காரர் முதுகு. அவர் தம்பியும் அதே சாலையில் அடிபட்டுச் செத்தவன்தான். பிறகு, அங்கே அடிபட்டவர்களை எப்போதாவது ஒரு முறை தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள், ஏற்றும்போது அந்த விளக்குகளைப் பார்த்தவர்கள், பார்த்து வயிறு எரிந்தவர்கள் என்று ஒவ்வொரு முதுகாகச் சிவந்து, ஆடி நோம்பிக்குள் ஊரில் பாதி எரிந்தது. எங்கள் ஊர் எதையும் பழகிக்கொள்ளும் ஊர். தறிச் சத்தத்தைப் பழகிக்கொண்டதுபோல், உப்புத் தண்ணீரைப் பழகிக்கொண்டதுபோல், இதையும் பழகிக்கொண்டது. தையல்காரர்கள் கெட்டிக் கித்தான் வைத்து ரவிக்கை தைத்துப் பார்த்தார்கள், கித்தானும் சேர்ந்து சிவந்தது, விட்டுவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு முதுகையும் விசாரித்தார்கள். எரிகிற முதுகு வேண்டாமென்று சிலரும், எரிகிற முதுகுதான் ராத்திரி ஷிப்ட் முடிந்து பத்திரமாக வீடு திரும்பும் என்று சிலரும் சொன்னார்கள். மாலையில் மில்லிலிருந்து பெண்கள் சாலையோரம் வரிசையாக நடந்து வந்தால், தூரத்திலிருந்தே லாரிகள் வேகம் தணிந்தன. எங்கள் ஊர் எல்லைக்குள் ஒருவர்கூட அடிபடவில்லை. சாலை போட்ட நாளிலிருந்து அப்படி ஒரு காலம் எங்களுக்கு வாய்த்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு நாள் பின்விளக்கு அணைந்துபோன லாரியோடு ஒரு டிரைவர் ஊருக்குள் வந்து, அடுத்த டோல்கேட் வரைக்கும் யாராவது ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து வர முடியுமா என்று கெஞ்சினான். பாவமாக இருந்தது, பால்காரர் போனார். மறுநாள் இன்னொருவன் கேட்டான், அவனுக்கும் போனார்கள். பிறகு டிரைவர்கள் கேட்பது நின்று ஓனர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், ஓனர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கப் புரோக்கர்கள் வந்தார்கள், பொழுது சாயும் நேரத்தில் ஊர் முக்கில் லாரிகள் வரிசை கட்டி நின்று, முதுகு நன்றாக எரிகிற ஆளாகப் பார்த்துத் தூக்கிப் பின்பலகையில் உட்காரவைத்துக்கொண்டு ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் போயின. போகப் போக ஓனர்கள் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். கெட்டுப்போன விளக்கை மாற்றவில்லை. நன்றாக இருந்த விளக்கையும் கழற்றி விற்றுவிட்டார்கள். ஆள் இருக்கும்போது விளக்கு எதற்கு?

அத்தாயி வீடு வீடாகப் போய் வாசலில் நின்று திட்டினாள். "லாரிக்கு வெளக்கு வைங்கடான்னு கத்தி எரிஞ்ச முதுகுடா இது! அந்த முதுகையே கழட்டி லாரிக்கு வெளக்கா மாட்டிட்டானுங்களே, உங்களுக்கெல்லாம் ரோசம் வரலையா?"

ரோசம் வந்தது. ஆனாலும் போனோம். தறிகள் பாதி நின்றுபோயிருந்தன, லாரியில் கூலி கிடைத்தது.

சென்னியப்பனின் தம்பி அர்த்தநாரியும் போனான். முப்பத்தைந்து வயசு, தறிக்காரன், யாரைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை திட்டியபோது அவன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு லாரிக்குக் கிளம்பி நின்றான்.

"திட்டாதீங்க நங்கை. கீர்த்தனா வந்தப்ப அந்த லாரிக்குப் பின்னால என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்திருந்தா புள்ள இன்னைக்கு இருக்குமில்ல? நானு உக்காந்தா எவம் பெத்த புள்ளையோ ஊடு போய்ச் சேரும். போய்ட்டு வந்தர்றேன்."

அத்தாயி விலகி வழி விட்டாள். அவன் மனைவி மயிலாத்தா சோற்றுத் தூக்கை அவன் கையில் கொடுத்தாள். லாரி போகும்போது அந்தச் சிவப்பு, சாலையில் குறுகிக் குறுகி ஒரு குன்றிமணி அளவுக்கு ஆகி மறைந்தது.

லாரி ஆந்திரா எல்லையில் பஞ்சராகி நின்றது. டிரைவரும் கிளீனரும் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி தன் வேலையைச் செய்துகொண்டு பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த கன்டெய்னர் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். அர்த்தநாரி எழுந்து நின்று துண்டை ஆட்டினான், திரும்பி நின்று முதுகைக் காட்டினான், தன்னால் எவ்வளவு எரிய முடியுமோ அவ்வளவு எரிந்தான் என்று கிளீனர் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னான். கண் மூடியவனுக்கு எந்த விளக்கு தெரியும்? குதித்திருந்தால் பிழைத்திருப்பான். ஜாக்கி போட்ட லாரிக்கு அடியில் இரண்டு பேர் இருந்தார்கள், அதனால் குதிக்கவில்லை.

அவனைக் கொண்டுவந்து புதைத்தோம். மண் மூடிய பிறகும் அந்த இடம் சிவந்துதான் கிடந்தது. வழக்கு எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்ததும், சாவுச் சான்றுக்காக மயிலாத்தாவும் அத்தாயியும் போனார்கள். கீர்த்தனா வழக்கை எழுதிய அதே இன்ஸ்பெக்டர், எழுதி வைத்திருந்ததை உரக்கப் படித்துக் காட்டினார். விபத்தில் இறந்தவர்: இல்லை. வாகனத்துக்கு ஏற்பட்ட சேதம்: பின்விளக்கு ஒன்று, அனுமதி பெறாதது.

மயிலாத்தாவுக்குப் புரியவில்லை. "எங்க ஊட்டுக்காரரு பேரு எங்கீங்க?"

"பேரு எப்படிம்மா வரும்? டிரைவரா அவரு? இல்ல. கிளீனரா? இல்ல. பயணியா ஏறுனாரா? அதுவும் இல்ல. வெளக்காத்தானே ஏறுனாரு? ஓனர் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு. அனுமதி இல்லாத வெளக்கு மாட்டுனதாலதான் பின்னால வந்தவனுக்குச் சரியாத் தெரியலைன்னு கன்டெய்னர்காரங்க வக்கீலும் சொல்றாரு. தப்பு வெளக்கு மேலதான்."

"அவன் தூங்கிட்டு வந்தான்யா!" என்றாள் அத்தாயி.

"சத்தம் போடாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. சோதனை நிலையத்துக்குப் போய் உங்க முதுகுக்கு அனுமதி வாங்கிட்டு வாங்க. ஒரு மாதிரியைச் சோதிச்சு அனுமதி குடுத்துட்டா அதே வகை எல்லாத்துக்கும் செல்லும். அப்ப இவரும் அனுமதி பெற்ற வெளக்குன்னு ஆயிரும். தப்பு அந்தப் பக்கம் போயிரும்."

செத்தவன் பெயரில் ஒட்டிய பழியைத் துடைக்க வேறு வழி அந்த இருவருக்கும் தெரியவில்லை. அத்தாயி தானே மாதிரியாகப் போவதென்று முடிவானது. மயிலாத்தா துணைக்குப் போனாள்.

சோதனை நிலையம் ஊருக்கு வெளியே பெரிய மதிலுக்குள் இருந்தது. வண்டிகளுக்கு மாட்டும் ஒவ்வொரு விளக்கும் அங்கே நனைந்து, குலுங்கி, தூசி தின்று, வெளிச்சம் அளக்கப்பட்ட பிறகுதான் சாலைக்கு வரலாம் என்பது சட்டம். இயக்குநர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வரவேற்றார். இப்படி ஒரு சாதனம் தன் பணிக்காலத்தில் வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தாயியைச் சோதிக்க பிரிசில்லா என்ற இளம் பொறியாளரை அனுப்பினார்.

பிரிசில்லா நல்ல பெண். அதை அத்தாயியே பிறகு பலமுறை சொன்னாள். மழை அறைக்குள் அவளை நிற்கவைத்து நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியபோது, கண்ணாடிக்கு வெளியே துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றது அந்தப் பெண்தான். சிமெண்டுத் தூள் பறக்கும் பெட்டிக்குள் விடுவதற்கு முன்னால் மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டி முடிச்சுப் போட்டு விட்டது அவள்தான். குலுக்கும் மேடையில் எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல் ஆடி இறங்கியபோது, "மன்னிச்சிருங்கம்மா, எனக்கே கஷ்டமா இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகச் சுவரெல்லாம் கறுப்படித்த நீளமான சுரங்கம் மாதிரி அறை, நடுப்பகலிலும் கும்மிருட்டு. ஒரு கோடியில் அத்தாயி, மறு கோடியில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். முதுகை மீட்டருக்குக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். நின்றாள்.

துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் அத்தாயி கேட்டாள். "கண்ணு, அந்த விண்மணி வெளக்கையும் இப்படித்தான் நனைச்சீங்களா?"

"நனைச்சோம்மா."

"தாங்குச்சா?"

"தாங்குச்சு. சொட்டுத் தண்ணி உள்ள போகலை. வாங்க, காட்டுறேன்."

அனுமதி பெற்ற ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அங்கே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். பிரிசில்லா அதிலிருந்து விண்மணியை எடுத்துக் கொடுத்தாள். அத்தாயி அதை இரண்டு கையிலும் வாங்கினாள். கனமாக இருந்தது. கண்ணாடியைச் சுற்றிப் பெருவிரல் தடிமனுக்கு ரப்பர் பட்டை. சாலையில் அவள் பார்த்த விளக்கோ அப்பளம் மாதிரி இருந்தது, அதில் ரப்பரே இல்லை.

"இது அது இல்ல கண்ணு" என்றாள். "பேரு அதுதான். எம்புள்ள போய் மோதுனது இது இல்ல."

பிரிசில்லா விளக்கைத் திரும்ப வாங்கி ரப்பர் பட்டையை அழுத்திப் பார்த்தாள். பார்த்த விதத்திலேயே, அவளுக்கும் அந்தச் சந்தேகம் முன்னமே உண்டென்று தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கம்பெனி கொண்டுவந்து குடுக்கிறதைத்தான் நாங்க சோதிக்கணும்மா. கடைக்குப் போறதும் இதே மாதிரிதான்னு அவங்க உறுதி எழுதிக் குடுப்பாங்க."

"எழுதிக் குடுத்தா நம்பிக்குவீங்களா? நானு எழுதிக் குடுத்தா எம்முதுகு எரியுதுன்னு நம்பியிருப்பீங்களா? என்னைய எதுக்குப் போட்டு அந்தக் குலுக்கு குலுக்குனீங்க?"

அதற்குள் இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். அத்தாயி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டாள் என்று கைகுலுக்க வந்தார். இனி ஒரே ஒரு வேலை பாக்கி. விதிப்படி அனுமதி எண்ணைச் சாதனத்தின் மேலேயே அழியாதபடி பொறிக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை, மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். ஊரில் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பொறித்துக்கொள்ளலாம். இறந்துபோனவருக்கு முன்தேதியிட்டுக் காகிதத்தில் கொடுத்துவிடலாம்.

அத்தாயி பதில் சொல்வதற்கு முன்னால், அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த மயிலாத்தா எழுந்தாள்.

"வேண்டாமுங்க."

"ஏம்மா? இதுக்குத்தானே வந்தீங்க?"

"இதுக்குத்தானுங்க வந்தோம். இப்பத்தானுங்க புரியுது. நீங்க முத்திரை குத்திக் குடுத்துட்டீங்கன்னா எங்க ஊட்டுக்காரரு வெளக்குன்னு ஆயிரும். நல்ல வெளக்குன்னு ஆவும், அவ்வளவுதான். எனக்கு அந்தக் காயிதம் வேண்டாம். அக்கா, வா போலாம்."

ஆனால் அத்தாயி போகவில்லை. அவள் திரும்பிக் கறுப்புச் சுரங்கத்துக்குள் நடந்து, விளக்குகளை ஏற்றி வைக்கும் மேடையில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். சாலையில் ஓடுகிற லாரியிலிருந்து கழற்றிய விண்மணி ஒன்றை, தன்னை நனைத்த அதே மழையில் நனைத்து, தன்னை அளந்த அதே மீட்டரில் அளக்கிற வரைக்கும் இறங்க மாட்டேன் என்றாள். கம்பெனி தவிர வேறு எவரும் மாதிரி கொண்டுவர விதியில் இடமில்லை என்றார் இயக்குநர். "அப்ப இங்கயே எரிஞ்சுட்டுக் கெடக்கறேன்" என்றாள் அவள். அவள் எரிகிற வரைக்கும் அந்த அறையில் வேறெதையும் அளக்க முடியாது. விளக்குக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெட்டிகளோடு வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள். தூக்கி வெளியே விடச் சொன்னதற்குக் காவலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்தச் சிவப்பைத் தொட எவருக்கும் கை வரவில்லை.

மயிலாத்தா ஊருக்குப் போன் போட்டாள். சென்னியப்பன் நாலுவழிச் சாலையில் இறங்கி நின்று வந்த லாரியையெல்லாம் நிறுத்திக் கேட்டார். கேட்க வேண்டியதே இருக்கவில்லை. டிரைவர்கள் தாங்களே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த விளக்குகளை நம்பி இருட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியவர்கள் அவர்கள்தானே? பின்னால் இடித்தவர்களை வாரி எடுத்தவர்களும் அவர்கள்தானே? சாக்குச் சாக்காகக் கழற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் நாங்கள் எல்லோரும் அந்தச் சாக்குகளோடு சோதனை நிலையத்தின் வாசலில் போய் உட்கார்ந்தோம்.

உள்ளேயிருந்து பிரிசில்லா வந்தாள். கேட்டின் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி, "ஒண்ணு குடுங்க" என்றாள். எதைக் கொடுப்பதென்று நாங்கள் தடுமாறியபோது, "எதுன்னாலும் சரி" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மயிலாத்தா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிரிசில்லா அந்த விளக்கை மழை அறையில் வைத்தாள். அத்தாயி நின்ற நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. சொட்டச் சொட்ட அதைச் சுரங்கத்துக்குள் கொண்டுவந்தாள். அத்தாயி மேடையிலிருந்து இறங்கி ஓரமாகப் போய் முதுகைச் சுவரோடு ஒட்டி மறைத்துக்கொண்டாள். இயக்குநர் கோபத்தோடு வந்து மறு கோடியில் மீட்டருக்குப் பக்கத்தில் நின்றார். நடக்கட்டும், நடந்தாலும் இது கணக்கில் சேராது என்றார். பிரிசில்லா சுவிட்சைப் போட்டாள். விளக்கு ஒருமுறை மினுக்கியது, இன்னொரு முறை மினுக்கியது, அணைந்தது. மீட்டரில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது.

பிரிசில்லா விளக்கின் மேல் குனிந்தாள். அதைச் சாய்த்து உள்ளே நின்ற தண்ணீரில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாள். எத்தனை விண்மணிகளுக்கு அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள், அவை எந்தெந்தச் சாலையில் எந்தெந்த மழையில் நிரம்பி நின்றிருக்கும் என்று அந்த இருட்டில் அவள் நினைத்திருக்கலாம். தண்ணீர் விரல் இடுக்கில் வழிந்தது. மறு கோடியில் மீட்டர் எண் ஏற ஆரம்பித்தது. ஏறி, இருக்க வேண்டிய அளவைத் தொட்டு, அங்கேயே நின்றது.

இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை. "பார்த்தீங்களா! எரியுது! அளவு அப்படியே சரியா இருக்கு. விளக்கு பாஸ்! பிரிசில்லா, எழுதிக்கோ, பாஸ்!"

அந்த மனுஷன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேடையில் விளக்கு செத்துக் கிடந்தது. அதன் மேல் குனிந்திருந்தவளின் வெள்ளைக் கோட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை, செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, நிமிந்து பாருங்க" என்றாள் மயிலாத்தா.

பிரிசில்லா தண்ணீர் ததும்பும் விளக்கோடு வெளியே வந்து, கேட்டைத் தானே திறந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைக் கவிழ்த்தாள். கொட்டிய தண்ணீர் மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வராந்தாவில் கிடந்த கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் காலி விளக்கைக் கீழே வைத்தாள். அத்தாயியிடம் திரும்பி, சின்னப்பிள்ளை மாதிரி, "இது சுடுமாம்மா?" என்று கேட்டாள்.

"சுடாது கண்ணு. தூக்கந்தான் வராது."

விண்மணியின் அனுமதி ரத்தானது. அது ரத்தான அதே மாதத்தில் அந்தக் கம்பெனி, முதலாளியின் மருமகன் பேரில், வேறு பெயரோடு திறக்கப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். பிரிசில்லாவைத் தூரத்து அலுவலகம் ஒன்றுக்குத் தூக்கி அடித்தார்கள். அங்கே இரண்டு குமாஸ்தாக்களின் முதுகு இப்போது எரிகிறதாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் முத்திரை முகாம் போட்டார்கள், ஷாமியானா கட்டி, நாற்காலி போட்டு, பொறிக்கிற மெஷினை மேஜையில் வைத்து, மாலை வரைக்கும் மைக்கில் கூப்பிட்டார்கள். ஒரு ஆள் போகவில்லை. லாரியில் உட்காரவும் யாரும் போவதில்லை. புரோக்கர்கள் வந்தால் பால்காரர் செருப்பைக் கழற்றுகிறார்.

மயிலாத்தா மட்டும், புருஷன் பேரைச் செத்தவராக எழுதச் சொல்லி, கோர்ட்டுக்கு நடந்துகொண்டே இருந்தாள். வாய்தா மேல் வாய்தா போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் அத்தாயியோடு பஸ் ஏறினாள். கடைசியில் ஒரு நாள் நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டி, இறந்தவர் இல்லை என்ற வரியைப் படித்து, சேதமான விளக்கைப் படித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, லாரி உரிமையாளர் எழுதிக் கொடுத்தபடி அர்த்தநாரி என்பவர் அந்த வாகனத்தில் ஒளிச்சாதனமாகத்தான் பொருத்தப்பட்டிருந்தார் என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க கணவர் அந்த லாரியில் என்னவாக இருந்தார்?"

மயிலாத்தா கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மனுசனாத்தானுங்க சாமி இருந்தாரு" என்றாள்.